தட்டி விடுகிற கை

கட்டுச்சோறு விருந்து முடிந்து எல்லோரும் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் அக்கா வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கும். ஏழாம் மாதம் பெண் வீட்டார் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகச் செய்து எடுத்துக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் பந்தி வைத்துவிட்டுப் பெண்ணைக் கையோடு கூட்டி வருவார்கள். அதற்குத்தான் பனமரத்துப்பட்டியிலிருந்து வாடகை வேன் பிடித்துப் பரமத்தி வேலூர் பக்கம் இருந்த மச்சானின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். நான் சேலத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டிக்கு மேலே அறை எடுத்துத் தனியாக இருந்தேன்.

விருந்தில் குறை ஒன்றும் இல்லை. அக்கா சிரித்துக்கொண்டுதான் வளையல் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு சோற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டாள். அவளுடைய துணிப்பெட்டியை மச்சானே தூக்கி வந்து வேனின் பின்பக்கம் வைத்தார். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏஞ்சாமி, இருட்டறதுக்குள்ள ஊடு சேரோணும். வந்து ஏறு."

"நான் வல்லீங்கம்மா. இங்கயே பெத்துக்கறேன்."

குரலில் கோபமோ அழுகையோ இல்லை. உப்புப் போதும் என்று சொல்வது போலச் சொன்னாள். மச்சான்தான் முதலில் திகைத்தார். போய்விட்டு வா, நாலைந்து மாதம் தனியாக இருந்துகொள்ள மாட்டேனா என்று அவரே கெஞ்சினார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல், பெட்டியை இறக்கச் சொன்னாள்.

சித்தி வேனிலிருந்து இறங்கிப் போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளும் சாக்கில் கழுத்திலும் கையிலும் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று அவள் தேடியது எனக்குத் தெரிந்தது. ஒன்றும் இல்லை. வேறு ஒருத்தி சகவாசம் இருக்குமோ, அதற்குக் காவல் இருக்கிறாளோ என்று பின் இருக்கையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மா மருமகனோடு நேருக்கு நேர் நின்று பேசுகிறவள் அல்ல. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் இருக்கும் அறையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து, எங்களில் யாரையாவது பார்த்துத்தான் சொல்வாள். அன்றும் என்னைத்தான் ஜன்னலோரம் கூப்பிட்டாள்.

"ஊரு வம்பெல்லாம் விசாரிச்சுப் பேப்பருல போடறயல்லொ. உங்கக்கா ஊட்டு வம்பையும் விசாரிச்சுட்டு வா."

வேன் போய்விட்டது. நான் தங்கினேன்.

கரும்பு ஆட்டும் பருவம் அது. வீட்டுக்குப் பின்னால் ஆலைக்கொட்டகையில் விடியலுக்கு முன்பே கிரஷர் ஓட ஆரம்பித்துவிடும். சாறு வாய்க்கால் வழியாக வந்து தொட்டியில் விழும். அதைப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். காய்ந்த கரும்புச்சக்கைதான் விறகு. பாகை எந்த நொடியில் இறக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வெல்லம் கட்டியாகுமா, ஒழுகுமா என்பது. அதைப் பார்க்கிறவர் விரல்களைத் தண்ணீரில் முக்கி, கொதிக்கும் பாகில் ஒரு கிள்ளுக் கிள்ளி, உடனே மறுபடி தண்ணீருக்குள் கொண்டுபோய் உருட்டிப் பார்ப்பார். எந்த ஆலையிலும் அப்படித்தான்.

மறுநாள் நான் பார்த்தபோது மச்சான் தண்ணீரில் கை வைக்கவில்லை. உலர்ந்த விரலால் பாகை எடுத்தார், நிதானமாக உருட்டினார், இழுத்துப் பார்த்தார். அவசரம் எதுவும் இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சக்கை கேட்டு வந்திருந்த ஒருவர் என்னிடம் திரும்பி, "உங்க மச்சான் கையி தோலு இல்லீங்க, தகரமுங்க. வெட்டி வித்தா பழைய இரும்புக்காரன் எடுத்துக்குவான்" என்றார். அடுப்பில் சக்கை தள்ளுகிற ஆள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மச்சானுக்கும் பெருமைதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இருந்த பெயரே அந்தக் கையால் வந்தது. மற்ற ஆலைகளிலிருந்தும் பதம் பார்க்க அவரைக் கூட்டிப்போவார்களாம்.

நான் அந்தக் கையைப் பக்கத்தில் பார்த்தேன். விரல் நுனிகளில் பழைய தீக்காயத் தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. சுண்டுவிரலின் பக்கவாட்டில் தோல் உரிந்து சிவந்து ஈரமாக இருந்தது. அன்று காலையில் பட்டதாக இருக்க வேண்டும். வலிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அட, இதெப்பொ ஆச்சு?"

அவர் நடிக்கவில்லை. தன் கையில் இருந்த காயத்தை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

இன்னொன்றையும் கவனித்தேன். அடுப்புப் புகை அடித்து இருமும்போதெல்லாம் அவர் இரண்டு கைகளாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி அசையாமல் நிற்பார். மண்டை பின்பக்கம் உடைகிற மாதிரி இருக்கும், அப்புறம் சரியாகிவிடும் என்றார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேறொருவரிடம் கொப்பரையை விட்டுவிட்டு, கொட்டகையின் நிழற்பக்கம் கயிற்றுக்கட்டிலில் படுத்துத் தூங்கினார். அவர் படுத்த உடனே அக்கா வீட்டிலிருந்து வந்தாள். ஒரு கையில் முறம் நிறைய நிலக்கடலை, இன்னொரு கையில் மணை. கட்டிலின் தலைமாட்டில் மணையைப் போட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து கடலை உரிக்கத் தொடங்கினாள். சக்கை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணொருத்தி என் காதில் விழும்படியே மற்றவளிடம் சொன்னாள்: "பண்ணாடி தூங்கறப்பக்கூட அம்மிணி உட்டுட்டு இருக்க மாட்டீங்குது. இதுல ஆத்தா ஊட்டுக்கு எங்க போறது." அவர்கள் எல்லோரும் அதை ஆசை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேனில் ஏறாததற்கும் அதுதான் காரணம் என்று அவர்களுக்குள் தீர்ப்பாகியிருந்தது.

நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன். அக்காவுக்கு எதிரில் ஒரு வெல்லச் சாக்கின்மேல் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாளா, ஒரு தூக்கு இங்கேயே விட்டுப்போயிற்றே என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லிக்கொண்டே மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மூச்சு நின்றது.

குறட்டை இல்லை. திணறல் இல்லை. ஏறி இறங்கிக்கொண்டிருந்த நெஞ்சு இறங்கியது, பிறகு ஏறவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த மூச்சுக்காக நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். என்னால் பிடிக்க முடியாமல் விட்டேன். அவர் இன்னும் இழுக்கவில்லை. நான் எழுந்தேன்.

அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டி, அவர் தோளெலும்புக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் ஒரு பெரிய மூச்சை இழுத்தார். நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது. அவள் கை திரும்பி முறத்துக்குப் போயிற்று.

"அந்தத் தூக்கு சித்தியோடதோ?" என்றாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நெஞ்சு இறங்கி நின்றது. மறுபடி அந்தக் கை. ஒரு முறை அவள் தட்டச் சற்றுத் தாமதமாக, அவர் உதடு நிறம் மாறியதைப் பார்த்தேன். நான் செய்தியாளனாக விபத்துகளைப் பார்த்திருக்கிறேன், பிணவறைக்குப் போயிருக்கிறேன். எனக்கு எதிரில், வெயிலில், கிரஷர் சத்தத்துக்கு நடுவே ஓர் உயிர் இப்படிப் போய்ப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்ததில்லை.

என்ன இது என்று கேட்டேன். எது என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. மூச்சு நிற்கிறதே என்றேன்.

"நிக்கத்தான் செய்யும். தட்டி உட்டா வருமல்லொ." பிறகு என்னைக் கவலையோடு பார்த்துக் கேட்டாள்: "சேலத்துல ரூம்புல தனியா இருக்கறயே, உன்னய ஆரு தட்டி உடறா?"

அந்தக் கேள்வி எனக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆண்கள் தூங்கினால் மூச்சு நிற்கும், பக்கத்தில் இருக்கும் பெண் தட்டிவிட வேண்டும் என்றுதான் அவள் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் அவளுக்கு வேறு எப்படித் தெரிந்திருக்கும்? எங்கள் வீட்டில் அப்பா கிணற்று மேட்டில் இருந்த சாளைக் கொட்டகையில்தான் படுப்பார். நானும் விவரம் தெரிந்த நாள் முதல் அங்கேதான். வீட்டுக்குள் பெண்கள் மட்டும். தூங்குகிற ஆணை அவள் பக்கத்தில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அங்கே அவள் மாமியார் முதல் வாரத்திலேயே, எந்த மாடு உதைக்கும், எந்தப் பானையில் விதை இருக்கிறது என்பதோடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆம்பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும், தட்டிவிடு சாமி. இதையெல்லாம் போய் யாரிடம் கேட்பது? படுக்கைச் சமாச்சாரம். அம்மாவிடம் கேட்க வாய் வருமா? அக்கா கேட்கவில்லை.

"அத்தை கடைசியாப் படுத்திருக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க" என்றாள் அக்கா. "பெத்துக்கறதுக்கு ஆத்தா ஊட்டுக்குப் போயராத சாமின்னு."

பிறகு காரணத்தைச் சொன்னாள். மச்சானின் அப்பாவுக்கும் இப்படித்தானாம். மாமியார் அந்தக் காலத்தில் மச்சானைச் சுமந்துகொண்டு கட்டுச்சோறு முடிந்து தாய் வீட்டுக்குப் போனார். இங்கே கணவர் ஒருநாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பாம்பு கடித்திருக்கும் என்றார்கள், காற்றுக் கருப்பு என்றார்கள். மாமியாருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. தட்டிவிட ஆளில்லை. அதை அவர் அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மச்சான் தகப்பன் முகம் பார்க்காமல் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே அவருக்கும் அதுவே என்று தெரிந்து, கல்யாணம் வரைக்கும் மாமியாரே பக்கத்தில் படுத்துத் தட்டிவிட்டிருக்கிறார்.

மாமியார் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா வேனில் ஏறியிருந்தால் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

நான் மெதுவாகச் சொன்னேன். எனக்கு யாரும் தட்டிவிடுவதில்லை. அப்பாவுக்கும் இல்லை. யாருக்கும் இல்லை. இது எல்லா ஆண்களுக்கும் இருப்பது இல்லை.

கடலை உரித்த கை நின்றது. அவள் திரும்பி மச்சானை ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் அப்போது ஒழுங்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்றாலும் அவள் இரண்டு கையையும் அவர் மார்மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்பொ இது நோவா?" என்றாள்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருந்தார். நான் மூச்சைப் பற்றிச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தார். கையைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இருமினால் பிடரி வலிக்குமா என்று அவராகவே கேட்டார். நான் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. உடனே மெட்ராஸுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கூடவே, போகிற வழியில் ரயிலில் அவரைத் தனியாகத் தூங்க விடாதே என்றார்.

மச்சானிடம் கை மரத்துப்போவதைக் காட்டப் போகிறோம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனோம். அக்காவும் வந்தாள். ஏழு மாதக்காரி ரயிலேறுவதா என்று அம்மா சொல்லி அனுப்பியதை அவள் காதில் வாங்கவில்லை.

மெட்ராஸில் நரம்பு மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கண்ணாடிக் குழாய்களை மாற்றி மாற்றிக் கையில் வைத்தார். ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், ஒன்றில் வெந்நீர்.

"இது எப்படி இருக்கு?"

"சில்லுனு இருக்குதுங்க" என்றார் மச்சான்.

அந்தக் குழாயின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மருத்துவர் கண்ணைத் திறக்கச் சொன்னார். மச்சான் ஆவியைப் பார்த்தார், குழாய் பதிந்திருந்த தன் கையைப் பார்த்தார். அதுவரை அவர் முகத்தில் நான் பார்த்திராத ஒரு பயம் வந்தது. பதினைந்து ஊருக்குப் பதம் பார்த்த கை. சூடு என்று ஒன்று அதற்குத் தெரியவே இல்லை. பாகின் இழுவையையும் நிறத்தையும் வைத்துத்தான் அவர் இத்தனை காலம் வேலை செய்திருக்கிறார். சூட்டைத் தாங்குவதாக ஊரும் நினைத்தது, அவரும் நினைத்தார்.

முதுகுத்தண்டில் ஒரு மருந்தைச் செலுத்தி, மேசையைத் தலைகீழாகச் சாய்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்குக் காட்டினார். மண்டையோட்டின் அடியில் ஒரு துளை இருக்கிறது. தண்டுவடம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. இவருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதியும் அந்தத் துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கி நெரித்துக்கொண்டிருக்கிறது. பிறவியிலேயே அமைப்பு அப்படி. அந்த நெரிசலால் தண்டுவடத்துக்குள் நீர் கோத்துக்கொண்டு, சூடும் வலியும் கையிலிருந்து மேலே போகும் வழியை அழித்துவிட்டது. மூச்சை நடத்துகிற இடமும் அங்கேதான் இருக்கிறது. விழித்திருக்கும்போது மனிதன் நினைத்தால் மூச்சு இழுத்துக்கொள்ளலாம். தூங்கினால் அந்த இடம் மட்டும்தான் காவல். இவருக்கு அந்தக் காவல் அடிக்கடி வேலையை விட்டுவிடுகிறது.

அவருடைய அப்பாவுக்கும் இதுதானா என்று கேட்டேன். பார்க்காத ஆளைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார்.

மச்சான் ஒன்றும் புரியாமல் எங்கள் மூவரையும் பார்த்தார். மூச்சைப் பற்றிய பேச்சையே அவர் அப்போதுதான் கேட்கிறார். தூக்கத்தில் மூச்சு நிற்பதும் அக்கா தட்டுவதும் அவருக்குத் தெரியாது. மருத்துவர் இது எவ்வளவு காலமாக என்று கேட்க, அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் செய்தது, மாமியார் சொல்லிக் கொடுத்தது, தான் செய்வது. மச்சான் மருத்துவரை மறந்துவிட்டார்.

"அப்பொ மூணு வருசமா நீ தூங்கவே இல்லியா?"

"தூங்கறனுங்க. கோழித் தூக்கம். கையி மட்டும் முழிச்சுக்கும்."

மண்டையோட்டின் பின்புறத்தில் கொஞ்சம் எலும்பை எடுத்துவிட்டால் நெரிசல் தளரும் என்றார் மருத்துவர். ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை. கத்தி போகிற இடம் மூச்சுக்குப் பக்கத்து இடம். மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம். செய்யாமல் விட்டால் என்றைக்காவது ஒருநாள் தட்டியும் வராமல் போகலாம். போன சூடு கைக்குத் திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் எழப் போனார்.

"யோசிக்க என்னங்க இருக்குது. அறுத்துருங்க" என்றார் மச்சான். "இவ ஒரு நாளாச்சும் தூங்கோணும்."

அறுத்தார்கள். எழுந்தார். வார்டில் முதல் நாட்களில் அவர் தூங்கும்போது நர்ஸ் அக்காவைப் பக்கத்தில் விட்டார், ஆனால் தொடக் கூடாது என்றார். நெஞ்சு நின்றால் தானாக வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அவசரத்துக்கு நாங்கள் இருக்கிறோம் என்றார். அக்கா தன் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு இறங்கி நிற்கும். அவள் முகம் வெளுக்கும். பிறகு தானாக ஏறும். ஒவ்வொரு முறையும் அவள் அதை, நடக்காத ஒன்று நடந்தது போலப் பார்த்தாள். நானும்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒரு நிபந்தனை போட்டார். சில மாதங்களுக்கு அவர் தூங்கும்போது யாராவது விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கோ மாதம் நெருங்கியிருந்தது. அதனால் எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத ஒன்று நடந்தது. பிரசவத்துக்குப் பெண்ணோடு மருமகனும் மாமியார் வீட்டுக்கு வந்து தங்கினார். மொட்டைத்தலை, பிடரியில் கட்டு. பனமரத்துப்பட்டியில் சும்மா விடுவார்களா? டீக்கடையில் ஒருவர் என்னை நிறுத்தி, "மாப்பிள்ளையும் வந்துட்டாராமா. அவருக்கு எத்தனையாவது மாசமுங்க?" என்று கேட்டார். மச்சானிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டு வழக்கம் போலப் பிடரிக்குக் கை கொண்டுபோனார். வலி வரவில்லை. கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவும் நானும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அம்மா வழக்கப்படி அந்த அறைப்பக்கம் வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கஞ்சியை நீட்டுவாள்.

வலி கண்ட அன்று பகல். அப்பா வாடகைக் காருக்கு ஓடினார். விடிய விடிய அக்காவோடு விழித்திருந்த மச்சான் அப்போதுதான் அசந்து தூங்கியிருந்தார். அவரை எழுப்ப வேண்டாம் என்றாள் அக்கா. கார் வந்ததும் நான் முன்னால் ஏறினேன். சித்தி பின்னால் ஏறினாள். அம்மா துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு காலை உள்ளே வைத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க வராதீங்கம்மா. சித்தி போதும். நீங்க அவர்கிட்ட இருங்க."

இதற்காகத்தான் அம்மா மூன்று மாதமாக அழுதிருந்தாள், சம்பந்தி வாசலில் அவமானப்பட்டிருந்தாள். மகளின் தலைப்பிரசவத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா வலியோடு அவள் கையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மூட்டையைச் சித்தியின் மடியில் வைத்துவிட்டுக் காலை வெளியே எடுத்தாள்.

சாயங்காலம் சேலத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. முதல் அழுகை வரும்வரை அக்கா தலையைத் தூக்கிக் குழந்தையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சித்தி சொன்னாள். நான் பஸ் பிடித்துச் செய்தி சொல்ல ஊருக்குத் திரும்பினேன்.

வீட்டில் சத்தமே இல்லை. மச்சான் அறையின் கதவு அகலத் திறந்திருந்தது. அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முக்காடு நெற்றிவரை இறங்கியிருந்தது. வலது கை மட்டும் வெளியே வந்து, அவர் தோளுக்கு மேலே தொடாமல் நின்றது. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாளோ, முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

பெண் குழந்தை, இருவரும் சுகம் என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். கண் அவர் நெஞ்சை விட்டு நகரவில்லை.

"மெதுவாப் பேசு" என்றாள். "இன்னும் ஒருக்காக்கூடத் தட்டலே. தானாத்தான் வருது."